செருப்போடு உள்ளே போகும் உரிமை

(திருவொற்றியூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே மெட்ரோவில் வந்தேன். காலடிப்பேட்டை நிலையம் வந்ததும் எதிர் இருக்கையில் இருந்த சிறுமி தன் அம்மாவைக் கேட்டாள்: "யாரோட காலடிம்மா?" அம்மா, "சாமியோட காலடிடி" என்றார். அந்த அம்மாவின் பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்தப் பேர் வந்த கதை வேறு. 1717 முதல் 1720 வரை சென்னைப்பட்டணத்துக்கு ஜோசப் காலெட் என்று ஒரு கவர்னர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்யும் குடும்பங்களைக் கொண்டுவந்து இங்கே ஒரு பேட்டையில் குடியேற்றினார். காலெட்டுப்பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று.

அந்தப் பேட்டைக்குள் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதற்கொரு கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். காலெட்டிடம் வேலை பார்த்த வீரராகவன் காஞ்சிபுரம் வரதரைச் சேவிக்காமல் கச்சேரிக்கு வரமாட்டார். தினமும் தாமதமாக வருகிறாரே என்று துரைக்குக் கோபம். "இந்த நிமிஷம் உன் காஞ்சிபுரத்தில் என்ன நடக்கிறது, சொல்" என்றாராம். வீரராகவன் கண்ணை மூடி, "தேர் நிலைகொண்டு நகராமல் நிற்கிறது" என்றாராம். ஆளனுப்பி விசாரித்தால் சொன்னது அப்படியே மெய். துரை வியந்துபோய் இங்கேயே ஒரு வரதராஜர் கோயில் எழும்ப உதவினார் என்று கதை முடியும்.

கதைக்குள் ஓர் உண்மை இருக்கிறது. வெள்ளைக்காரனிடம் வேலை செய்த ஒருவர், அவனிடம் கிடைத்த செல்வாக்கை ஊருக்கு ஒரு கோயிலாக மாற்றியிருக்கிறார். இப்படிப்பட்டவர்களை அந்தக் காலத்தில் துபாஷ் என்றார்கள். இரண்டு பாஷை அறிந்தவர் என்று பொருள். மொழிபெயர்ப்பது அவர்கள் வேலையில் சின்னப் பகுதிதான். துணிக்கு முன்பணம் கொடுப்பது, நெசவாளரிடம் சரக்கு வாங்குவது, கிராமங்களைக் குத்தகை எடுப்பது, நவாபின் தர்பாருக்குக் காணிக்கை கொண்டுபோவது, கவர்னரின் சொந்த வியாபாரத்தைக் கவனிப்பது, அவர் மனைவியின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது, எல்லாம் துபாஷின் தலையில். வியாபாரி பாதி, அரசியல்வாதி பாதி. தேர்தல் இல்லாத காலம். அதனால் கவர்னரின் முகத்தைப் பார்த்தே அவர்கள் அரசியல் நடந்தது.

இன்று நான் பேச வந்தது அவர்களில் ஒருவரைப் பற்றி. புதுச்சேரிக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 1709-இல் அவர் பிறந்தது இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பெரம்பூரில். ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 செப்டம்பர் 6 தொடங்கி ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம், கணக்கெழுதும் நோட்டுகளில் நாட்குறிப்பு எழுதியவர். பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' வழியாகப் பலருக்கு அவர் அறிமுகம். நான் இன்று அவரை நாட்குறிப்புக்காரராகப் பார்க்கப்போவதில்லை. மரியாதைக்கு ஏங்கிய ஒரு வியாபாரியாக, எந்நேரமும் முற்றுகைக்கு அஞ்சிய ஒரு நகரத்தின் பெரிய மனிதராகப் பார்க்கப்போகிறேன்.

அவர் ஏங்கியது எதற்கு? பட்டியல் நமக்குத் தெரியும். கவர்னர் மாளிகைக்குள் மேளதாளத்தோடு பல்லக்கில் போகும் உரிமை. பொற்பிடி போட்ட கைத்தடி. கவர்னர் வீட்டுக்குள் செருப்போடு நுழையும் உரிமை. பிரெஞ்சுக்காரரின் கூட்டாளி முசபர் ஜங் கொடுத்த மூவாயிரம் குதிரைக்கான மன்சப் பதவி. பேருக்கு முன்னால் 'வசாரத ராய விஜய' என்ற பட்டம். புலவர்கள் அவர்மேல் தமிழில் கோவை பாடினார்கள், வடமொழியில் சம்பு செய்தார்கள், தெலுங்கில் சந்த நூல் எழுதினார்கள். நாட்குறிப்பைப் புரட்டினால், யார் வந்தபோது எத்தனை பீரங்கி மரியாதை போட்டார்கள் என்று எண்ணி எண்ணி எழுதியிருப்பார். இருபத்தொன்றா, பதினைந்தா என்பது அவருக்குப் பெரிய விஷயம். நம் ஊரில் கோயில் பரிவட்டம் முதலில் யாருக்கு என்று மூன்று தலைமுறை பேசாமல் இருந்த குடும்பங்கள் உண்டே, அவர்களுக்கு இது புரியும்.

இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவது எளிது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவருடைய குடும்பக் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

ரங்கப் பிள்ளையின் தாய்மாமன் உறவுக்காரர் நைனியப்பப் பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷாக இருந்தார். ஊரிலேயே பெரிய பணக்காரர். 1716-இல் கவர்னர் எபேர் அவரைப் பிடித்து அடைத்தார். பாதிரிமார்களின் பகையும் சேர்ந்துகொண்டது. கடைத்தெருவில் பலர் பார்க்க 50 சவுக்கடி, மூன்று வருஷம் சிறை, சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பு. 1717-இல் சிறையிலேயே செத்துப்போனார். அதே வழக்கில் சிறைபட்டவர்களில் ஒருவர் திருவேங்கடம் பிள்ளை, நம் ரங்கப் பிள்ளையின் தகப்பனார். அப்போது பையனுக்கு ஏழெட்டு வயது.

நைனியப்பரின் மகன் குருவப்பா கப்பலேறிப் பாரீஸ் போனார். ஞானஸ்நானம் பெற்றார். பிரான்ஸை அப்போது ஆண்ட ஓர்லேயான் கோமகனே ஞானத்தந்தை ஆனார். செயின்ட் மிஷேல் வீரர் என்ற பட்டத்தோடு திரும்பிவந்து அப்பாவின் பதவியில் உட்கார்ந்தார். அப்பாவுக்கு எதிரான தீர்ப்பும் தள்ளுபடியாயிற்று. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு என்ன பாடம் கிடைத்திருக்கும்? காசு உன்னைக் காப்பாற்றாது, நைனியப்பரிடம் இல்லாத காசா? ராஜா கொடுத்த பட்டம் காப்பாற்றும். சவுக்கை எடுத்தவன் கை, உன் இடுப்பில் இருக்கும் பட்டயத்தைப் பார்த்துத் தயங்கும். பல்லக்கும் பொற்பிடித் தடியும் செருப்பும் அவருக்குக் கவசம். இதை மறந்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது அநியாயம் என்பது என் கட்சி.

சொந்த உழைப்பும் இருந்தது. பரங்கிப்பேட்டையில் கம்பெனிக்குச் சாயத்துணி வாங்கும் பொறுப்பில் தொடங்கினார். சாராயம் காய்ச்சுதல், பாக்கு, துணி, கப்பல் எல்லாவற்றிலும் கை வைத்தார். 'ஆனந்தப் புரவி' என்று சொந்தக் கப்பலே ஓட்டினார். 1738-இல் அவர் கட்டிய வீடு புதுச்சேரி ரங்கப்பிள்ளை வீதியில் இன்னும் நிற்கிறது. கீழ்தளம் நம் ஊர் முற்றம், மரத்தூண். மேல்தளம் பிரெஞ்சுத் தூண். அவர் வாழ்ந்ததும் அப்படித்தான்.

1746 பிப்ரவரியில் தலைமைத் துபாஷ் கனகராய முதலி இறந்தார். அவர் கிறிஸ்தவர். அந்தப் பதவி மறுபடி ஒரு கிறிஸ்தவருக்கே போகவேண்டும் என்று பாதிரிமார்கள் நின்றார்கள். இறந்தவரின் தம்பி சின்ன முதலி ஒரு பக்கம், அன்னபூர்ண ஐயன் ஒரு பக்கம். கவர்னர் துயூப்ளேக்ஸின் மனைவி ஜானுக்கு, நாட்குறிப்பில் வரும் மதாமுக்கு, ரங்கப் பிள்ளையைக் கண்டாலே ஆகாது. பதவிக்கு விலை பேசப்பட்டதையும் பிள்ளை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மாதக்கணக்கில் அந்த இழுபறி நடந்தது. வேலை முழுவதையும் அவரே பார்த்தார். பட்டம் முறையாகக் கைக்கு வந்தது 1747-இல்.

கனகராய முதலி இறந்த அதே வருஷத்தில்தான் நம் பட்டணம் விழுந்தது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே கப்பல்களோடு வந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தார். 11 லட்சம் வராகன் தந்தால் ஊரைத் திருப்பித் தருகிறேன் என்று அவர் பேசினார், துயூப்ளேக்ஸ் ஒப்பவில்லை. மூன்று வருஷம் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. தான் பிறந்த மண் தன் எஜமானனிடம் வந்த சேதியைப் புதுச்சேரியில் இருந்து எழுதினார் பெரம்பூர்க்காரர். அவர் எழுதியதில் வெற்றியின் பெருமிதம் தெரிகிறது. பெரம்பூருக்காக ஒரு வருத்தம் தெரியவில்லை. இதை நான் குறையாகத்தான் சொல்கிறேன்.

சோதனை வந்தது 1748-இல். பழிவாங்க ஆங்கிலேயக் கடற்படை பாஸ்கவன் தலைமையில் புதுச்சேரியை முற்றுகையிட்டது. ஊர் நடுவில் வேதபுரீஸ்வரர் கோயில், மாதா கோயிலுக்குப் பக்கத்தில். அதை இடிக்கவேண்டும் என்று பாதிரிமார் பல பத்தாண்டாகக் கேட்டுவந்தார்கள். முற்றுகை ஒரு சாக்காயிற்று. செப்டம்பர் முதல் வாரத்தில் இடிப்பு முடிவாயிற்று. மதாமின் கை அதில் இருந்தது.

ஊர்த் தலைவர்கள் ரங்கப் பிள்ளையிடம் ஓடிவந்தார்கள். செருப்போடு கவர்னர் வீட்டுக்குள் போகக்கூடிய ஒரே தமிழர் அவர்தானே. அவர் சொன்ன யோசனை, விக்கிரகங்களையும் கோயில் பண்டங்களையும் முன்கூட்டியே எடுத்துக் காளத்தீசுவரன் கோயிலில் வைத்துவிடுங்கள் என்பது. கோயில் தரைமட்டமாயிற்று. அன்றைய குறிப்பில் அவர் துக்கம் பொங்குகிறது. ஊர்த் தலைவர்களிடம் ஒற்றுமை இல்லை, அதனால்தான் இப்படி ஆயிற்று என்று நெடுக எழுதுகிறார். தன்னைப் பற்றி அந்த அளவுக்குக் கடுமையாக எழுதவில்லை.

அதே நாட்களில் மசூதியையும் இடிக்கப் போனார்கள். அதையும் பிள்ளையே பதிவு செய்திருக்கிறார். சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான் கவர்னரிடம் நேரே போனார். மசூதியில் கை வைத்தால் ஒரு சிப்பாய்கூட மிஞ்சமாட்டான், இடிப்பவர்கள்மேல் விழுந்து சாவோம் என்றார். துயூப்ளேக்ஸ் உடனே நிறுத்தச் சொன்னார். இரண்டு சம்பவத்தையும் அடுத்தடுத்து எழுதிய மனிதருக்கு அதன் பொருள் தெரியாமல் இருக்குமா? ஒருவர் தன் பதவியைக் கவர்னரின் முகத்துக்கு எதிரே வைத்துப் பேசினார். இன்னொருவர் பதவியை வைத்து யோசனை சொன்னார். அப்துல் ரகுமானுக்குப் பின்னால் துப்பாக்கி ஏந்திய ஆட்கள் இருந்தார்கள், முற்றுகை நேரத்தில் துயூப்ளேக்ஸுக்கு அவர்கள் இல்லாமல் ஆகாது, உண்மை. ஆனால் அரிசியும் கூலியாட்களும் கடனும் திரட்டித் தரும் துபாஷ் இல்லாமலும் அவருக்கு ஆகாது. ரங்கப் பிள்ளையிடம் துப்பாக்கியைவிடப் பெரிய ஆயுதம் இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கடைத்தெருவில் நைனியப்பரின் முதுகில் விழுந்த சவுக்குதான் விடை என்று எனக்குப் படுகிறது. எந்தக் கவசத்துக்காக வாழ்நாளெல்லாம் ஏங்கினாரோ, அது கையில் வந்ததும், அதை இழக்கும் பயம் இன்னும் பெரிதாகிவிட்டது. அதற்காக நான் அவரை மன்னிக்கச் சொல்லவில்லை. ஊரார் அவரிடம் வந்தது யோசனை கேட்க அல்ல.

இப்போது நம் பக்கம் திரும்புங்கள். மணலி என்றால் இன்று நமக்குச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிதான் கண்ணில் வரும். அந்த மணலியின் பேரைத் தாங்கிய ஒரு துபாஷ் அதே காலத்தில் சென்னைப்பட்டணத்தில் இருந்தார், மணலி முத்துகிருஷ்ண முதலியார். கவர்னர் பிகாட்டின் துபாஷ். அவருக்கும் பெரிய மனிதர் என்ற பேர் வேண்டியிருந்தது. அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தை ஆதரித்துப் புகழ் பெற்றவர்.

பிரெஞ்சுக்காரர் மறுபடி வருவார்கள் என்ற பயத்தில் ஆங்கிலேயர் கோட்டையைச் சுற்றி வெளி உண்டாக்கினார்கள். பழைய கறுப்பர் பட்டணத்தின் வீடுகள் போயின. 1757-இல் சென்னகேசவப் பெருமாள் கோயிலையும் இடித்தார்கள். இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடம் அது. பயம் வீணாகவில்லை. 1758 டிசம்பரிலேயே பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து முற்றுகையிட்டான். அடுத்த பிப்ரவரி வரை பட்டணம் குண்டுச் சத்தத்தில் கிடந்தது.

முற்றுகை விலகியபின் முத்துகிருஷ்ண முதலியார் பிகாட்டிடம் பேசி, கோயிலுக்கு மாற்றிடம் வாங்கினார். கம்பெனியிடம் பணமும் பெயர்த்தார். தன் கையிலிருந்து ஐயாயிரத்துக்கு மேல் வராகன் போட்டார், ஊரிலும் தண்டினார். பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவரும் சென்ன மல்லீசுவரரும் அருகருகே எழுந்தருளியிருக்கிறார்களே, பட்டணம் கோயில் என்கிறோமே, அது அப்படி வந்தது. இடிப்பை அவரும் தடுக்கவில்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். பிகாட் அவருக்கு அனுகூலமான கவர்னர், ரங்கப் பிள்ளைக்கோ கவர்னரின் மனைவியும் பாதிரிமாரும் பகையாக இருந்தார்கள், அதையும் சொல்லவேண்டும். இருந்தாலும் ஊரிடம் எடுத்ததை ஊருக்குத் திருப்பித் தரவேண்டும் என்று கவர்னரிடம் கேட்டு வாங்க அவருக்கு வாய் இருந்தது. மணலியாரின் கௌரவப் பசியால் ஊருக்கு ஒரு கோயில் மிஞ்சியது.

எல்லாத் துபாஷும் அப்படி என்று எண்ணிவிட வேண்டாம். சூளையில் அவதானம் பாப்பையர் பேரில் சாலை இருக்கிறது. ஹாலண்ட் சகோதரர்கள் கவர்னராக இருந்த ஒரு வருஷத்துச் சொச்சம் பட்டணமே அவர் கையில் இருந்தது. ஒரு வெள்ளை அதிகாரியைச் சிக்கவைக்கச் சதி செய்தார் என்று 1792-இல் தண்டனை பெற்றார். அவரைப் பற்றி அதற்குமேல் பேச நேரமில்லை.

ரங்கப் பிள்ளையின் கடைசிக் காலத்துக்கு வருகிறேன். 1754-இல் துயூப்ளேக்ஸைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். புதிய கவர்னர் லெரியிடம் பிள்ளைக்குப் பிடி இல்லை. உடம்பும் கெட்டது. 1756-இல் பதவி போயிற்று. பாப்பையப் பிள்ளை என்பவர் மேலே வந்தார். பல்லக்கு அப்போதும் வீட்டில் இருந்திருக்கும். அதில் ஏறிப் போக அழைப்புத்தான் வரவில்லை.

1760-இல் தளபதி கூட் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியைச் சூழ்ந்தார்கள். நெல் தீர்ந்தது. லாலி நவம்பரில் ஊர்த் தமிழர்களை வாசலுக்கு வெளியே துரத்தினான். ஏறக்குறைய 1,400 பேர். ஆங்கிலேயர் அவர்களை வழிவிடாமல் திருப்பி விரட்டினார்கள். பிரெஞ்சுக்காரர் கதவைத் திறக்கவில்லை. இரண்டு படைக்கும் நடுவே எட்டு நாள், புல்லின் வேரைத் தோண்டித் தின்று கிடந்தார்கள். எட்டாம் நாள் கூட் இரங்கிப் போகவிட்டான். எந்தத் துபாஷின் பட்டமும், எந்தப் பொற்பிடித் தடியும் அந்த எட்டு நாளில் அவர்களுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவரவில்லை. 1761 ஜனவரியில், ஊர் சரணடைவதற்குச் சில நாள் முன்னால் ரங்கப் பிள்ளை கண்ணை மூடினார். ஜனவரி 16 அன்று புதுச்சேரி விழுந்தது. பிறகு அதை இடித்துத் தள்ளினார்கள்.

நாட்குறிப்பைத் தம்பி மகன் தொடர்ந்து எழுதினார். நோட்டுகள் வீட்டில் கிடந்தன. 1846-இல் கலுவா மொம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்து நகல் எடுத்தார். 1904-க்கும் 1928-க்கும் இடையில் 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் அச்சேற அதற்கும் பிறகு காலம் ஆயிற்று. 1748 செப்டம்பரில் தான் என்ன செய்தோம், என்ன செய்யவில்லை என்பதற்குத் தானே சாட்சி எழுதி வைத்துவிட்டுப் போனார் அந்த மனிதர். கோயில் இடிந்த நாளில் அவர் சொன்ன யோசனையை இன்று நான் குறைகூற முடிவதே அவர் எழுதியதால்தான். இந்த ஒன்றுக்காக அவரை நான் வணங்குகிறேன்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் ஊரும் முற்றுகையில்தான் இருக்கிறது. கடல் தெருத்தெருவாக எடுத்துக்கொண்டு போனதால் கரை நெடுகக் கல் கொட்டி வைத்திருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. வலையும் படகும் கறுத்துப்போயின. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் இருட்டில் ஓடினார்கள். இந்தச் சபையிலேயே அன்று ஓடியவர்கள் இருப்பீர்கள். அப்போது நம் பெரிய மனிதர்கள், பேனரில் சிரிப்பவர்கள், வியாபாரத்தையும் கட்சியையும் ஒரே கையில் வைத்திருப்பவர்கள், யார் வந்தார்கள்? எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு? அதிகாரியின் அறைக்குள் போகும் உரிமை உள்ளவர் போய் என்ன கேட்டார்? யார் யோசனை மட்டும் சொன்னார்?

எழுதி வையுங்கள். பிள்ளைகளின் பழைய பள்ளி நோட்டு போதும். தேதி போடுங்கள், பேர் போடுங்கள், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். நீங்கள் செய்யாமல் விட்டதையும் சேர்த்து எழுதுங்கள். இன்று இரவே தொடங்குங்கள்.